லூசியாவின் வாயும் அருட்பிரகாசத்தின் பதக்கமும்

பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மூன்றாவது மாடியில் குடியிருந்த லூசியாவிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர் யாருமில்லை. கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் வந்து விழும். அவளிடம் கேட்காத கேள்விக்கும் வரும். அதிலும் அவள் புருஷன் அருட்பிரகாசத்திடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவள்தான். முடிதிருத்துபவர் எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டால் அவள் சொல்வாள். பிரெஃபெக்சர் அலுவலகத்தில் பிறந்த தேதி கேட்டால் அவள் சொல்வாள். மாதா கோவிலின் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மட்டும்தான் அந்த மனிதர் தனியாகப் போனார். வெளியே வந்ததும், "என்னங்க சொன்னீங்க?" என்று அதையும் கேட்டாள்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. அருட்பிரகாசம் பேச ஆரம்பிக்கவே நேரம் எடுத்துக்கொள்கிற ஆள். தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வாயைத் திறப்பதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். லூசியாவுக்குப் பொறுமை என்று ஒன்று தொடங்குவதற்கே இல்லை. முப்பத்திரண்டு வருஷக் குடும்பம் அப்படியே ஓடியது.

இரண்டு பேரும் புதுச்சேரிக்காரர்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் சமையல்காரர். அறுபத்தைந்தில் லீவில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு போனார். எழுபத்தொன்றில் பட்டாளத்தை விட்டு பாரிசுக்கு வந்து, ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, லா ஷப்பேலில் வீடு பிடித்தார். அந்தத் தெருவில் தமிழில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாத காலம் அது. பச்சை மிளகாய் வாங்க ஊரெல்லாம் சுற்ற வேண்டும். அதையும் லூசியாதான் சுற்றி, பேரம் பேசி, சண்டை போட்டு வாங்கி வருவாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவு, கனமான வெண்கலம். ஒரு பக்கம் பாலைவனத்தில் நிற்கும் ஒரு கோபுரமும் அதைச் சுற்றிக் கதிர்களும். மறுபக்கம் 'ரெகான், 13 பிப்ரவரி 1960' என்று எழுத்து. மார்பில் குத்திக்கொள்ள ஊசியில்லை, கழுத்தில் போட வளையமுமில்லை. மேசை மேல் வைக்கிற ஜாதிப் பதக்கம் அது.

"சஹாராவுல வாங்குனது," என்றார்.

"என்ன சண்டைங்க?"

"சண்டை இல்ல லூசி. ஒரு குண்டு வெடிச்சாங்க. அங்க இருந்தவங்களுக்கு இதைக் குடுத்தாங்க."

"சண்டை இல்லாம எதுக்குக் குண்டு?"

அவர் தொண்டையைச் செருமினார். அணுகுண்டு என்பதைச் சொன்னார். அதற்கு மேல் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு பதக்கத்தைச் சாய்த்து அதன் ஓரத்தைக் காட்டினார். விளிம்பைச் சுற்றி, ஊசி முனையால் கீறிய மாதிரி, பிரெஞ்சு எழுத்தில் அவருடைய முழுப் பெயர், பட்டாள எண், சமையலறை என்ற சொல். பட்டறையில் வேலை பார்த்த ஒரு சிப்பாய் ஒரு கிண்ணம் கேரமல் புட்டிங்குக்காகச் செதுக்கிக் கொடுத்தானாம். பெயரின் நீளத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து திட்டிக்கொண்டே செதுக்கினானாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். லூசியா புதுப்பெண், அவளும் சிரித்தாள். பதக்கம் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

அவரிடம் அவளுக்குப் பிடிபடாத விஷயம் வேறொன்று இருந்தது. வேலை முடிந்து வந்தால் மனிதர் நேராக உள்ளே வரமாட்டார். வாசலுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றி, மாடிப்படிக் கைப்பிடியில் பட் பட்டென்று தட்டுவார். கீழ் வீட்டுக்காரி தினமும் கத்துவாள். பிறகு யாரையும் தொடாமல், பிள்ளை ஓடிவந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். அரை மணி, முக்கால் மணி தண்ணீர் ஓடும். வெளியே வரும்போது ஓ தெ கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரின் நெடி மூக்கைத் துளைக்கும்.

குடித்துவிட்டு வருகிற ஆம்பிளையைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்? லூசியா முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் புதுச்சேரியில் இதையேதான் செய்வார். அவர் வெற்றிலை போடுவார், இவர் கொலோன் போடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று முதல் அவருடைய கோட்டுப் பைகளைத் துழாவினாள். கட்டிலுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே புட்டி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் தீர்ந்ததா என்றால் அதுவுமில்லை. இவர் பெரிய கள்ளன், ஒளிக்கத் தெரிந்தவன் என்றுதான் நினைத்தாள். மகன் எத்தியேனிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். பையன் வளர்ந்து, தன் கல்யாணத்தில்கூட ஒரு சொட்டு ஷாம்பேன் தொடவில்லை. அப்பா மாதிரி ஆகமாட்டேன் என்று பிரெஞ்சில், அப்பாவுக்கு முன்னாலேயே சொன்னான். அருட்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

இத்தனைக்கும் அவள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதுதான் இதில் பெரிய எரிச்சல். தொண்ணூறில் கல்யாண வெள்ளிவிழா வந்தபோது, அவருக்குத் தெரியாமல் அந்தப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு பொன்னம்பலத்தின் நகைக்கடைக்குப் போனாள். பொன்னம்பலம் யாழ்ப்பாணத்துத் தட்டார், அப்போதுதான் அந்தத் தெருவில் கடை போட்டிருந்த இளைஞர். பதக்கத்துக்குத் தங்க முலாம் பூசி, மேலே ஒரு வளையம் பற்றவைத்து, மூவர்ண நாடாவில் கோத்துத் தரச் சொன்னாள். நல்லதென்று ஒன்று இருந்தால் அது கழுத்திலோ மார்பிலோ தொங்க வேண்டும், பெட்டிக்குள் கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி.

பதக்கத்தைப் பார்த்ததும் அருட்பிரகாசத்தின் முகம் போன போக்கு அவளுக்குப் புரியவில்லை. விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். "என்ன லூசி பண்ணிட்ட?" என்றார். வாழ்நாளில் ஒரே தடவையாகக் குரல் உயர்ந்தது. அவள் அழுதாள். அவள் அழுததால், ஜூலை பதினாலாம் தேதி பழைய சிப்பாய்கள் சங்கத்தின் அணிவகுப்புக்கு அதை மாட்டிக்கொண்டு போனார். மார்பின் நடுவில் பளபளவென்று ஒரு தட்டு. சங்கத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கிற கனத்தைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாயே, நாளைக்கு மைக்கூட்டையும் மாட்டிக்கொண்டு வருவாயா என்றான் ஒருவன். அதற்குப் பிறகு அவர் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொண்ணூற்றேழில் ஈரலில் புற்று என்றார்கள். மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளியைப் பார்த்து, குடிப்பீர்களா என்று கேட்டார். அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். அதற்குள் லூசியா சொல்லிவிட்டாள், "ஆமா, தினமும்." டாக்டர் இரண்டு திட்டு திட்டினால் புத்தி வரும் என்பதுதான் அவள் எண்ணம். டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். அருட்பிரகாசம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டார். நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

இப்படியே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டாயிரத்துப் பத்து ஜனவரியில் தொலைக்காட்சிச் செய்தியில் புதுச் சட்டம் ஒன்று சொன்னார்கள். அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களில் இருந்தவர்களுக்குப் பிற்பாடு வந்த சில நோய்களை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். இறந்தவர்களின் குடும்பமும் மனுப்போடலாம். லூசியா வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். ஆறு மாதம் கழித்து நோய்களின் பட்டியல் வெளிவந்ததும் நூலகத்துப் பெண்ணிடம் அச்செடுக்கச் சொல்லிப் படித்தாள். நுரையீரல், தைராய்டு, இரைப்பை, ஈரல்.

ஈரல்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு சொல்லைப் பார்த்தாள். குடியால் வந்த நோய் இல்லையோ? அப்படியானால் குடியே இல்லையோ? அப்படியும் இருக்குமா? நஷ்டஈடு பற்றிய பக்கத்தை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அங்கே இருந்தார், அந்தக் குண்டுதான் அவரைக் கொன்றது என்று அரசாங்கம் முத்திரை குத்தி ஒரு காகிதம் தர வேண்டும். அதைக் கொண்டுபோய் எத்தியேன் முன்னால் போட வேண்டும். தகப்பன் கல்லறைக்குப் பதின்மூன்று வருஷமாகப் பூ வைக்காதவன் அவன். அவனை அப்படி ஆக்கியது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

கோப்பு சேர்க்கத் தொடங்கினாள். தொசியே என்று இந்த நாட்டில் சொல்லுகிற அந்தப் பொருளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒரு காகிதம் வாங்க இன்னொரு காகிதம், அதை வாங்க முதல் காகிதம். கல்யாணப் பத்திரத்தின் நகல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாதாம். கல்யாணமே நாற்பத்தைந்து வருஷப் பழசு, நகல் மட்டும் எதற்குப் புதிதாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு வெளிநாட்டில் நடந்த கல்யாணங்களின் பதிவை வைத்திருக்கும் நந்த் நகரத்து அதிகாரி போனை வைத்துவிட்டார். மருத்துவக் கோப்பை மருத்துவமனையிலிருந்து நேரே அனுப்பிவைப்பார்கள் என்றார்கள். பட்டாளத்திலிருந்து அவருடைய பணிப்பதிவு வர ஐந்து மாதம் ஆனது. அதைப் பிரித்தால் அவர் சஹாராவின் வடக்கோரத்துக் கொலோம்-பெஷாரில் இருந்ததாக இருக்கிறது. ரெகான் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே. ரெகான் என்ற ஊர்ப்பெயரே பதிவில் இல்லை.

பதக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதாம், இந்த மாதிரிப் பதக்கத்தைச் சந்தையில்கூட வாங்கலாம். பெயர் எதுவும் இல்லையே?"

"ஓரத்துல இருக்கு, சுத்திப் பாருங்க."

அந்தப் பெண் சுற்றினாள். லூசியாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள். விளிம்பு வழுவழுவென்று தங்கமாக மின்னியது.

"இந்த வளையத்தை யார் போட்டது?" என்று கேட்டாள் அவள்.

பதில் சொல்ல லூசியாவுக்கு இந்தத் தடவை கொஞ்ச நேரம் எடுத்தது. "நான்தான்," என்றாள்.

வெளியே வந்தவள் மெத்ரோவில் வழி நெடுக வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்து, நேரே பொன்னம்பலத்தின் கடையில் நுழைந்தாள். பொன்னம்பலத்துக்கு இப்போது தலை நரைத்து, கடை இரண்டு மடங்காகியிருந்தது. அவள் பதக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"பொன்னம்பலம், இதோட ஓரத்துல பேர் இருந்துச்சே, எங்க?"

"ராவிப்போட்டன் அக்கா."

"என்னது?"

"அரம் போட்டு ராவினனான். முலாம் சீராப் பிடிக்க வேணுமெண்டால் ஓரம் அழுத்தமா, வழுவழுப்பா இருக்கவேணும். வளையத்துக்கும் இடம் வேணுமே."

"யாரைக் கேட்டு ராவுன? இருபது வருஷமா எங்கிட்ட சொன்னியா? அவர் பேரய்யா அது!"

பொன்னம்பலம் கோபப்படவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்களைத்தான் கேட்டனான். எழுத்தெல்லாம் போயிடும், பரவாயில்லையோ எண்டு. எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. 'பேர் எதுக்கு, ஆளே என்கூடத்தான இருக்காரு, ராவு' எண்டு சொன்னனீங்கள்."

லூசியாவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் துளியும் இல்லை. ஆனால் சொன்னது தன் வாய்தான் என்று கேட்டவுடனே தெரிந்தது. வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடையின் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் இரண்டு தடவை அடித்துக்கொண்டாள்.

பொன்னம்பலம் தேத்தண்ணி வரவழைத்தார். அந்தப் பெயரைத் தான் மறக்கவில்லை என்றார். இவ்வளவு நீட்டுப் பெயரை ஒருத்தன் கையாலே வெட்டியிருக்கிறானே என்று ராவுவதற்கு முன் முழுக்க வாசித்துப் பார்த்தாராம். பக்கத்தில் ஒரு எண், பிறகு சமையலறை என்று பிரெஞ்சில். அதைக் கேட்டதும் லூசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நீ எழுதிக் குடு."

"என்னத்தை?"

"அத்தெஸ்தாசியோன், சாட்சிக் காகிதம். பேர் இருந்துச்சு, நான்தான் அழிச்சேன்னு."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய படிவத்தைப் பொன்னம்பலம் வாங்கி வாசித்தார். சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். கடைசியில், பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனை உண்டு என்று தெரியும் என ஒரு வரியையும் தன் கையாலேயே எழுதிக் கையொப்பம் போட வேண்டும். அந்த வரியைப் பார்த்ததும் தட்டாருக்கு முகம் கறுத்தது.

"அக்கா, நான் அகதியா வந்தவன். பட்டாளம், அணுகுண்டு, தண்டனை எண்டு ஒரே கடுதாசியிலை எழுதி என்ரை பேரையும் போடச் சொல்லுறியள். நஷனலித்தே கிடைச்சு, இந்த நாட்டுக்காரனாகி இப்பதான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன். என்னை விடுங்கோ."

லூசியா விடவில்லை. மறுநாள் கடை திறந்ததும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். தாலிக்கொடி பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நல்லா செய்வாரு, ஆனா பேர் கீர் இருந்தா குடுத்துராதீங்க" என்றாள். தேர்த்திருவிழா வார வியாபாரம், ரூ பஜோல் கோவிலுக்கு வந்த கூட்டமெல்லாம் கடைக்குள் நிற்கிறது. நான்காம் நாள் பொன்னம்பலம் பேனாவை எடுத்தார். "இஞ்சை தாங்கோ கடுதாசியை," என்று எழுதி, அந்தத் தண்டனை வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி, கையெழுத்தும் போட்டார்.

ஒன்று போதாதாம். ரெகானில் அவரோடு கூட இருந்த ஒருவரும் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அப்படி ஒருவர் உயிரோடு இருந்தால் அது சங்கத்து இராஜேந்திரன்தான். காரைக்கால்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மைக்கூட்டையும் மாட்டிக்கொண்டு வருவாயா என்று கேட்டவரும் அவர்தான். லூசியா கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, புறநகரான சார்செல் போனாள். கதவைத் திறந்தவரைப் பார்த்து, கும்பிடுகூடப் போடாமல், "சிரிச்சதுக்கு இப்பக் கையெழுத்துப் போடுங்க அண்ணே," என்றாள்.

இராஜேந்திரன் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வயது, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவளை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அருள் ரெகான்ல இருந்தான். நானும் இருந்தேன். குண்டு வெடிச்ச மறுநாள், வெடிச்ச இடத்துக்குக் கிட்ட முகாம்ல இருந்தவங்களுக்கு சூப் கொண்டுபோகணும்னு சொன்னாங்க. நான் வண்டி ஓட்டினேன், அவன் பின்னாடி அண்டாவைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். புழுதின்னா அப்படிப் புழுதி. திரும்பி வந்ததும் கதிர்வீச்சு அளக்கிற ஒரு பொட்டியை உடம்புல வச்சாங்க தங்கச்சி. அது டிக் டிக்குன்னு கத்துது. குளிக்கச் சொன்னாங்க. குளிச்சிட்டு வந்தா மறுபடி கத்துது. மூணு தடவை குளிச்சோம். எனக்கு நின்னுடுச்சு. அவனுக்கு சப்பாத்துல நிக்கல. தட்டுறான் தட்டுறான், நிக்கல. கடைசில சப்பாத்தைப் பிடுங்கிக்கிட்டாங்க. வெறுங்காலோட சமையலறைக்கு நடந்து போனான்."

லூசியா கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்புறம் அவன் ஒரு மாதிரி ஆயிட்டான். எதைத் தொட்டாலும் கையைக் கழுவுவான். கிடைச்சா ஸ்பிரிட்டாலயும் கழுவுவான். புள்ள குட்டி பெத்தா எப்படிடா தூக்குறதுன்னு எங்கிட்ட கேட்டிருக்கான்."

"குடிப்பாரா?" என்று கேட்டாள் லூசியா.

"அருளா? அவன் பங்கு ஒயினையும் எங்க பங்கோட சேத்து நாங்கதான் குடிச்சோம். என்ன கேள்வி இது, நீ பொண்டாட்டி, உனக்குத் தெரியாதா?"

லூசியா படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். இராஜேந்திரன் எழுதிய காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டை நீட்டும் வரைக்கும் தான் அழுவது அவளுக்குத் தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போது அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள். அவர் தட்டித் தட்டி மரத்தில் விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எதற்குத் தட்டுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்கவில்லை. அவளாகவே பதிலை வைத்துக்கொண்டு, அந்தப் பதிலோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

கோப்பு போனது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வாரத்துக்கு ஒரு போன். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது மதாம். பரிசீலிக்கிறவர் விடுமுறையில் மதாம். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள் மதாம். இல்லை, அது வேறு எண் மதாம். அந்த மதாம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசியது. இராஜேந்திரன் அதற்குள் செத்துப்போனார். சங்கத்துக்காரர்கள் போட்ட மாலையோடு அவள் ஒரு மாலை போட்டாள்.

எத்தியேனிடம் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்திய காகிதம் வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நாள் வாயைக் கட்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று மார்ச்சில் பதிவுத் தபால் வந்தது. பிரிக்காமல் மேசைமேல் வைத்து, மகனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். கோழிக்குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் உறையை அவன் முன்னால் தள்ளினாள்.

"படி. சத்தமாப் படி. உங்கப்பாவைப் பத்தினது."

எத்தியேன் கண்ணாடி போட்டுக்கொண்டான். கண்ணாடியைச் சரிசெய்வதில் அப்படியே தகப்பன். முதல் பத்தி: அளிக்கப்பட்ட சாட்சியங்களின்படி, திரு. அருட்பிரகாசம் 1960 பிப்ரவரியில் ரெகானில் இருந்தது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. லூசியா மேசையை ஓங்கித் தட்டினாள். "கேட்டியா! இருந்தாருன்னு சொல்லிட்டாங்க. மேல படி."

அவன் படித்தான். நடுவில் நிறுத்தினான். திரும்ப முதலிலிருந்து, இந்தத் தடவை சத்தமில்லாமல் படித்தான்.

"என்னடா?"

"மனு நிராகரிப்பு," என்றான் பிரெஞ்சில். "குண்டுதான் காரணம்னு சொல்ல முடியாதாம். மருத்துவமனைக் கோப்புல வேற காரணம் இருக்காம். தினசரி மது." பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "மனைவி சொன்னதின்படி. அப்படிப் போட்டிருக்கு அம்மா. மனைவி சொன்னதின்படி."

லூசியா அந்தக் காகிதத்தை வாங்கி, அந்த வரியைத் தேடி, விரலை வைத்துப் படித்தாள். மனைவி சொன்னதின்படி. கட்டிலில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த மனிதரை முந்திக்கொண்டு சொன்ன இரண்டே வார்த்தை. பொன்னம்பலமாவது ராவுவதற்கு முன் ஒரு தடவை கேட்டார். அந்த டாக்டர் கேட்டபோது புருஷனைப் பதில் சொல்லவே அவள் விடவில்லை.

"அப்பா குடிக்கல எத்தியேன்," என்றாள். "ஒரு நாளும் குடிக்கல. நான் சொன்னது பொய். உங்கிட்ட சொன்னதும் பொய், டாக்டர்கிட்ட சொன்னதும் பொய். பொய்யின்னு தெரியாம சொன்னேன், ஆனா பொய்தான்." பிறகு சூப்பையும் புழுதியையும் டிக் டிக் பெட்டியையும் சப்பாத்தையும் சொன்னாள். அவசரப்படாமல், நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

எத்தியேன் எழுந்து வாசலுக்குப் போனான். கதவைத் திறந்து, மாடிப்படிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தவன் அவளைத் திட்டவில்லை, தொடவுமில்லை. "ரெண்டு மாசத்துக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு போட்டிருக்கு," என்றான். "ஆனா கோப்புல இருக்கிறது உன் வார்த்தை. அதுக்கு எதிரா யாரு சாட்சி சொல்லுவாங்க?"

லூசியா அலமாரியைத் திறந்தாள். பொன்னம்பலத்துக்கும் இராஜேந்திரனுக்கும் கொடுத்தது போக மிச்சம் ஒரு படிவம் இருந்தது. சாட்சியின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். அதற்குக் கீழே, பிழையில்லாமல் வர வேண்டுமென்று மெதுவாக எழுதினாள்: என் கணவர் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. 1997இல் டாக்டர் அவரிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது அந்தக் கட்டாய வரி. மகன் அதைப் படித்துக் காட்ட, அவள் தன் கையால் எழுதினாள்: பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனை உண்டு என்பது எனக்குத் தெரியும்.